உலகின் தபால் விதிகளை எழுதிய ஜான் போஸ்டெல்

வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு தாய் மின்னஞ்சல் அனுப்புகிறாள். எழுதி முடித்து அனுப்பியதும், சில விநாடிகளில் அது மகனிடம் போய்ச் சேருகிறது. தபால் தலை இல்லை. தபால் பை இல்லை. ரெயிலும் கப்பலும் இல்லை.

ஆனால் தபாலாபீஸ் இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத தபாலாபீஸ். அதற்கு விதிகளும் இருக்கின்றன. கடிதத்தை எப்படி வாங்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், ஆள் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த விதிகளில் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த விதிகளை எழுதியவர் யார்?

அவர் பெயர் ஜான் போஸ்டெல். அமெரிக்கர். நீண்ட தாடி வைத்திருந்தார். காலில் செருப்பு அணிந்து ஆபீசுக்குப் போவார். பெரிய பதவிகளைத் தேடிப் போகவில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கை உலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டன. ஒரு முறை அமெரிக்க அரசாங்கமே அவரைப் பார்த்துத் திகைத்து நின்றது.

அவருடைய கதை இது.

பிறப்பும் படிப்பும்

ஜான் போஸ்டெல் 1943-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் உள்ள ஆல்டடீனா. முழுப் பெயர் ஜானதன் புரூஸ் போஸ்டெல்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வான் நைஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்தார். அந்தப் பள்ளிக்கு ஒரு விசேஷம் உண்டு. பிற்காலத்தில் இண்டர்நெட் உருவாகக் காரணமாக இருந்த விண்ட் செர்ப், ஸ்டீவ் கிராக்கர் ஆகிய இருவரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான்.

பிறகு போஸ்டெல், லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-ல் பி.எஸ். பட்டமும், 1968-ல் எம்.எஸ். பட்டமும் பெற்றார். 1974-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர், ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ஓர் ஊரில் உள்ள கம்ப்யூட்டருக்கு அடுத்த ஊர்க் கம்ப்யூட்டரோடு பேசத் தெரியாது. அவற்றை எல்லாம் கம்பியால் இணைத்துப் பேச வைக்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவு விரும்பியது. அந்த வலைக்கு ஆர்பாநெட் என்று பெயர். இன்றைய இண்டர்நெட்டுக்கு அதுவே தாய்.

போஸ்டெல் படித்த பல்கலைக்கழகத்தில்தான் அந்த வலையின் முதல் முடிச்சு போடப்பட்டது.

முதல் இரண்டு எழுத்துக்கள்

1969-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 29-ந் தேதி. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் இருந்து, வடக்கே ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கம்ப்யூட்டருக்கு முதல் செய்தி அனுப்பப்பட்டது.

உள்ளே நுழைவதற்கான "லாகின்" என்ற ஆங்கில வார்த்தையை, ஒவ்வோர் எழுத்தாக அனுப்ப வேண்டும். முதல் எழுத்து போயிற்று. இரண்டாவது எழுத்தும் போயிற்று. அவ்வளவுதான். அங்கிருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது! சுமார் ஒரு மணி நேரத்தில் அதைச் சரி செய்து, மறுபடியும் அனுப்பி வெற்றி பெற்றார்கள்.

அந்த ஆண்டு முடிவில் வலையில் இருந்த இடங்கள் நான்கே நான்கு. அந்த வேலையில் ஈடுபட்ட மாணவர்களில் போஸ்டெலும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 26.

குறிப்புகளின் காவலர்

கம்பியால் இணைத்துவிட்டால் மட்டும் போதுமா? இரண்டு பேர் பேச வேண்டுமானால், இருவருக்கும் ஒரே பாஷை தெரிய வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர்களுக்கும் அப்படித்தான். அதற்கு விதிகள் வேண்டும்.

அந்த விதிகளை வகுக்கும் பொறுப்பு, பெரும்பாலும் மாணவர்களிடமே வந்து சேர்ந்தது. இளைஞர்களாகிய தாங்கள் பெரியவர்களுக்கு உத்தரவு போடுவதா என்று அவர்களுக்குத் தயக்கம். ஆகவே ஸ்டீவ் கிராக்கர் ஒரு தந்திரம் செய்தார். 1969-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் குறிப்பை எழுதி, அதற்குக் "கருத்துக் கோரிக்கை" என்று பணிவாகப் பெயர் வைத்தார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது போன்ற பெயர்.

பெயர்தான் பணிவு. அந்தக் குறிப்புகளே பிறகு உலகத்துக்குச் சட்டம் ஆயின.

யாராவது அவற்றைப் படித்து, திருத்தி, எண் போட்டு, ஒழுங்காக வைக்க வேண்டும் அல்லவா? அந்த வேலை போஸ்டெலிடம் வந்தது. சம்பளம் உயராத வேலை. பெயர் வராத வேலை. அதை அவர் சாகும்வரை செய்தார். சுமார் 28 ஆண்டுகள்! அவருடைய கையைக் கடந்து போன குறிப்புகள் 2,400-க்கும் மேல். அவரே எழுதியவையும், மற்றவர்களோடு சேர்ந்து எழுதியவையும் 200-க்கு மேல் இருக்கும்.

தெளிவாக எழுதாத குறிப்பை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. பத்து வருஷம் கழித்து ஒரு புதியவர் படித்தாலும் அது புரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

எண்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை

போஸ்டெல் இன்னொரு பொறுப்பையும் தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

ஒரு பெரிய கட்டிடத்தில் பல கதவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவில் தபால் வாங்குகிறார்கள். இன்னொரு கதவில் பார்சல் வாங்குகிறார்கள். எந்தக் கதவு எந்த வேலைக்கு என்பது ஊருக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கும் இப்படி எண் போட்ட கதவுகள் உண்டு. ஆளுக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் ஒரே குழப்பம்தான்.

1972-ம் ஆண்டில் போஸ்டெல் ஒரு யோசனை சொன்னார். எண்களை வழங்க ஒரே ஓர் ஆள் இருக்கட்டும், வேண்டுமானால் நானே இருக்கிறேன் என்றார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அன்று முதல் அவரே கணக்குப்பிள்ளை ஆனார். மின்னஞ்சல் வந்து சேரும் கதவுக்கு எண் 25. இன்றும் அதுவே!

1977-ம் ஆண்டு அவர் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அது மரினா டெல் ரே என்ற கடற்கரை ஊரில் இருக்கிறது. கடைசிவரை அங்கேயே இருந்தார். ஜாய்ஸ் ரேனால்ட்ஸ் என்ற பெண்மணி அவருக்குத் துணையாக இருந்து இந்தக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டார்.

பின்னாளில் இந்த வேலைக்கு ஒரு நீண்ட பெயர் ஏற்பட்டது. இண்டர்நெட் எண்கள் வழங்கும் அதிகார பீடம் என்று அதற்கு அர்த்தம். பெயரைக் கேட்டால் பத்து மாடிக் கட்டிடமும், நூறு குமாஸ்தாக்களும் இருப்பார்கள் என்று தோன்றும். உண்மையில் அது போஸ்டெலும், அவருக்கு உதவியாக இருந்த சிலரும்தான்!

மின்னஞ்சல் வந்தது

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் உபயோகிக்கும் இடங்களில், ஒருவருக்கொருவர் செய்தி விட்டுவைக்கும் வழக்கம் முன்பே இருந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொரு கம்ப்யூட்டருக்கு வலை வழியாகக் கடிதம் அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்ற என்ஜினீயர். இது நடந்தது 1971-ம் ஆண்டில். ஆளின் பெயரையும், கம்ப்யூட்டரின் பெயரையும் பிரித்துக் காட்ட, ஆங்கில "ஏ" எழுத்தைச் சுற்றி வால் போட்டது போன்ற அடையாளத்தை அவர்தான் தேர்ந்தெடுத்தார். இன்று எல்லா மின்னஞ்சல் விலாசங்களிலும் அது இருக்கிறது.

மின்னஞ்சல் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அதற்கென்று தனித் தபாலாபீஸ் இல்லை. கோப்புகளை அனுப்பும் விதிகளோடு ஒட்டுக் குடித்தனமாக அது இருந்து வந்தது. வலை வளர வளர, அது போதவில்லை.

அப்போதுதான் போஸ்டெல் பேனாவை எடுத்தார்.

நான்கு எழுத்துக் கட்டளைகள்

1982-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் போஸ்டெல் ஒரு குறிப்பை வெளியிட்டார். அதன் எண் 821. பக்கங்கள் 68. மின்னஞ்சலை ஒரு கம்ப்யூட்டர் மற்றொரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கும் முறை அதில் சொல்லப்பட்டிருந்தது. அந்த முறைக்கு அவர் வைத்த பெயரிலேயே "எளிய" என்ற வார்த்தை இருந்தது.

உண்மையிலேயே அது எளிது. இரண்டு தபால்காரர்கள் ஒரு வாசலில் நின்று பேசிக்கொள்வது போல் இருக்கும்.

கடிதம் கொண்டுவரும் கம்ப்யூட்டர், 25-ம் எண் கதவைத் தட்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், 220 என்ற எண்ணைச் சொல்லும். தயார் என்று அதற்குப் பொருள்.

வந்தது உடனே "ஹெலோ" என்று வணக்கம் சொல்லித் தன் பெயரைத் தெரிவிக்கும். ஆங்கிலத்தில் இந்த வார்த்தைக்கு ஐந்து எழுத்து. ஆனால் போஸ்டெலின் கட்டளைகள் எல்லாம் நான்கு எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே ஓர் "எல்" குறைக்கப்பட்டது!

அடுத்த கட்டளை "மெயில்". கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்று இதில் சொல்ல வேண்டும். சரி என்பதற்கு அடையாளமாக 250 என்ற எண் பதிலாக வரும்.

அதற்கு அடுத்தது, யாருக்கு என்று சொல்லும் கட்டளை. அப்படி ஒருவர் அங்கே இருந்தால் மறுபடியும் 250. இல்லாவிட்டால் 550. விலாசதாரர் இல்லை என்று தபால்காரர் உறையில் எழுதித் திருப்பி அனுப்புகிறாரே, அதுதான் இந்த 550.

பிறகு "டேட்டா" என்ற கட்டளை. இதோ கடிதம் என்று அர்த்தம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் 354 என்று சொல்லும். படியுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று பொருள். கடிதம் வரிவரியாகப் போகும். முடிந்தது என்று காட்ட, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

கடைசியில் "க்விட்" என்ற கட்டளை. போய் வருகிறேன் என்று விடைபெற்றுக்கொள்வது. 221 என்ற எண்ணைச் சொல்லி மற்றது வழியனுப்பும்.

இவ்வளவுதான் மின்னஞ்சல்!

புரிவதற்காகப் போஸ்டெல் தம் குறிப்பில் ஓர் உதாரணமும் கொடுத்திருந்தார். ஸ்மித் என்பவர் மூன்று பேருக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். ஜோன்ஸ், கிரீன், பிரவுன் என்பது அவர்கள் பெயர். இவர்களில் கிரீனுக்கு மட்டும் அங்கே தபால் பெட்டி இல்லை. அதற்காக மற்ற இருவருடைய கடிதம் நின்றுவிடக் கூடாது. ஜோன்சுக்கும் பிரவுனுக்கும் கடிதம் போய்ச் சேருகிறது. கிரீன் அங்கே இல்லை என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒருவருக்காக ஊரைத் தண்டிக்காத விதி அது.

கறுப்புத் திரையில் ஒரு கடிதம்

அந்த நாளில் கம்ப்யூட்டர் திரையில் படம் இல்லை. அமுக்குவதற்குப் பொத்தான் போன்ற சித்திரங்களும் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்துக்கள் மட்டும் தெரியும். கட்டளையைத் தட்டச்சு செய்தால் வேலை நடக்கும்.

கடிதம் அனுப்புவதும் அப்படித்தான். அதற்காக "மெயில்" என்ற பெயரிலேயே ஒரு சாதனம் இருந்தது. பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தில் கர்ட் ஷோன்ஸ் என்பவர் 1978-ல் அதை நல்ல முறையில் அமைத்துக் கொடுத்தார்.

உபயோகிக்கும் முறை மிகவும் சுலபம். "மெயில்" என்று தட்டி, ஓர் இடம் விட்டு, யாருக்கோ அவருடைய விலாசத்தைத் தட்ட வேண்டும். விஷயம் என்ன என்று அது கேட்கும். தலைப்பை எழுத வேண்டும். பிறகு கடிதத்தை எழுத வேண்டும். முடிந்ததும் தனி வரியில் ஒரு புள்ளி. கடிதம் போய்விடும்!

போஸ்டெலின் விதியில் வரும் அதே புள்ளி இங்கேயும் இருக்கிறது. எழுதுகிறவர் வைக்கும் புள்ளியும், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் புள்ளியும் ஒரே மாதிரி.

இந்தச் சாதனம் பழசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரிய கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் என்ஜினீயர்கள் இன்றும் இதை உபயோகிக்கிறார்கள். இரவில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு வேலை நடந்து முடிந்தால், கம்ப்யூட்டர் தானாகவே இந்த வழியில் என்ஜினீயருக்குக் கடிதம் எழுதிவிடும். காலையில் அவர் வந்து படித்துக்கொள்வார்.

நீங்கள் கைபேசியில் வண்ணப் படங்களோடு அனுப்பும் மின்னஞ்சலும், உள்ளே போனதும் போஸ்டெலின் கட்டளைகளைத்தான் பேசுகிறது. 1982-ல் எழுதிய விதிகளைப் பிறகு 2001-லும் 2008-லும் திருத்தினார்கள். ஆனால் அடிப்படைக் கட்டளைகள் மாறவில்லை.

கறாரும் பெருந்தன்மையும்

கம்ப்யூட்டர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் போஸ்டெல் ஒரு பொது நீதியும் வகுத்தார். 1980-ல் எழுதிய குறிப்புகளில் அது இருக்கிறது. நீ அனுப்பும்போது விதியைக் கறாராகக் கடைப்பிடி. பிறர் அனுப்புவதில் சிறு பிழை இருந்தால் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள். இதுவே அதன் சாரம்.

மனிதர்களுக்கும் பொருந்தும் நீதி அல்லவா?

உலகத்தில் ஆயிரம் விதமான கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடிந்ததற்கு இந்த நீதி பெரிய காரணம். சின்னக் குற்றத்துக்கெல்லாம் கதவைச் சாத்தியிருந்தால் வலை வளர்ந்திருக்காது.

நம்பிக்கையால் வந்த தொல்லை

ஆனால் பெருந்தன்மைக்கு ஒரு விலையும் உண்டு.

போஸ்டெலின் விதிப்படி, கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்று கொண்டுவந்தவர் சொல்வார். அதை மற்றவர் அப்படியே நம்புவார். சொல்வது மெய்யா, பொய்யா என்று சோதிக்க அதில் வழி இல்லை. அந்தக் காலத்தில் வலையில் இருந்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். பொய்ப் பெயரில் யார் எழுதப் போகிறார்கள்?

பிறகு வலை உலகம் முழுவதும் பரவியது. திருடர்களும் வந்து சேர்ந்தார்கள். பாங்கியிலிருந்து எழுதுவது போல எழுதினார்கள். பரிசு விழுந்திருக்கிறது என்று ஆசை காட்டினார்கள். அனுப்புகிறவர் பெயரில் யார் பெயரையும் போட்டுக்கொள்ள முடிந்ததால், பலர் ஏமாந்து பணத்தை இழந்தார்கள்.

வேண்டாத கடிதங்கள் குவியும் என்பது போஸ்டெலுக்குத் தெரியாமல் இல்லை. 1975-ம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே இதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். தொல்லை கொடுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து வரும் செய்திகளை வேண்டாம் என்று மறுக்க வழி இல்லையே, அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று அதில் எச்சரித்தார். மூன்று ஆண்டுகளுக்குள் அவர் பயந்தது நடந்தது. 1978-ம் ஆண்டு மே மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனையாளர், சுமார் 400 பேருக்கு ஒரே சமயத்தில் விளம்பரக் கடிதம் அனுப்பினார்.

பின்னால் வந்தவர்கள் பல காவல்களை ஏற்படுத்தினார்கள். கடிதம் அனுப்ப இரகசியச் சொல் கேட்கப்படுகிறது. எந்தத் தபாலாபீசிலிருந்து புறப்பட்டது என்று சோதிக்கப்படுகிறது. உறைக்கு அரக்கு முத்திரை வைப்பது போலக் கடிதத்துக்கும் முத்திரை வைக்கப்படுகிறது. என்றாலும் ஏமாற்றுக்காரர்கள் ஒழியவில்லை.

ஆகவே வாசகர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்னஞ்சலில் தெரியும் பெயர், உறையின் மேல் எழுதிய பெயரைப் போன்றது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். பாங்கிக் கணக்கின் இரகசிய எண்ணைக் கேட்டு எந்தக் கடிதம் வந்தாலும் கொடுக்கக் கூடாது.

தமிழில் கடிதம்

போஸ்டெலின் தபால்காரருக்கு ஆரம்பத்தில் ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும். எழுத்து, எண், குறி, கட்டளை எல்லாம் சேர்த்து மொத்தம் 128 அடையாளங்கள்தான். ஆகவே தமிழர்கள் தங்கள் பாஷையை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது.

1992-ம் ஆண்டு நதானியேல் போரன்ஸ்டைன், நெட் பிரீட் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். எந்த மொழி எழுத்தையும், படத்தையும், பாட்டையும் ஆங்கில எழுத்துக்களாக மாற்றிக் கட்டி அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்த்துக்கொள்ளும் முறை அது. பழைய தபால்காரரை மாற்றாமலே மூட்டையை மட்டும் மாற்றினார்கள். 2012-ம் ஆண்டு வந்த புதிய விதியின்படி, விலாசத்தையே தமிழில் எழுதவும் வழி பிறந்தது.

எது நாடு?

வலையில் கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் வைக்கும் முறை 1983-ல் வந்தது. அதை வகுத்தவர் பால் மாக்கபெட்ரிஸ். அந்த வேலையை அவரிடம் ஒப்படைத்தவர் போஸ்டெல்தான்.

இந்த முறையில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்து உண்டு. இந்தியாவுக்கு "இன்". அது 1989-ம் ஆண்டு மே மாதம் வழங்கப்பட்டது.

இதில் ஒரு தர்மசங்கடம் எழுந்தது. எது நாடு, எது நாடு இல்லை என்று யார் தீர்ப்புச் சொல்வது? எல்லைத் தகராறு உள்ள தேசங்கள் உலகத்தில் பல உண்டு. போஸ்டெல் அந்தச் சண்டையில் இறங்கவில்லை. சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் நாடுகளுக்கு இரண்டு எழுத்துப் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருந்தால் நாடு என்று அவர் சொல்லிவிட்டார். 1994-ல் இதை விதியாகவே எழுதி வைத்தார். யாரும் அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

பெயரைக் கையில் வைத்திருப்பவர், பொதுச் சொத்தைப் பாதுகாக்கும் தர்மகர்த்தா போன்றவர் என்பது அவருடைய கருத்து. அது என்னுடையது என்று உரிமை கொண்டாடக் கூடாது. அந்தச் சமூகத்துக்கு ஊழியம் செய்ய வேண்டும்.

பணம் நுழைந்தது

1990-க்குப் பிறகு இண்டர்நெட்டில் வியாபாரம் பெருகியது. பெயர்களுக்குக் கிராக்கி ஏற்பட்டது. 1995-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், பெயர் பதிவு செய்யும் உரிமை பெற்றிருந்த கம்பெனி கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. ஒரு பெயருக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர். கோடிக்கணக்கில் பணம் குவிந்தது.

போஸ்டெல் நினைத்திருந்தால் அவரும் கோடீஸ்வரர் ஆகியிருக்கலாம். அவர் பல்கலைக்கழகச் சம்பளத்தோடு நின்றுவிட்டார். ஓய்வு கிடைத்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு சியரா நிவாடா மலைகளில் நடக்கப் போய்விடுவார்.

இனி இண்டர்நெட்டின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற வாக்குவாதம் கிளம்பியது. கம்பெனிகளுக்கு ஓர் எண்ணம். அமெரிக்க அரசாங்கத்துக்கு ஓர் எண்ணம். மற்ற நாடுகளுக்கு வேறு எண்ணம்.

ஒரே ஒரு கடிதம்!

1998-ம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ந் தேதி, உலகமே வியந்த சம்பவம் நடந்தது.

இண்டர்நெட்டின் விலாசப் புத்தகத்துக்கு முதல் பக்கம் ஒன்று உண்டு. அதை 13 கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தன. அவற்றில் ஒன்று தலைமை. மற்ற 12 கம்ப்யூட்டர்களும் அதைப் பார்த்துத்தான் நகல் எடுத்துக்கொள்ளும். தலைமைக் கம்ப்யூட்டர், கட்டணம் வசூலித்த அந்தக் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்பந்தத்தில் நடந்தது.

போஸ்டெல் மின்னஞ்சலை எடுத்தார். 12 கம்ப்யூட்டர்களில் 8 கம்ப்யூட்டர்களைக் கவனித்து வந்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இனிமேல் அங்கே பார்க்க வேண்டாம், என் கம்ப்யூட்டரைப் பார்த்து நகல் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த 8 பேரும் மறு பேச்சுப் பேசவில்லை. அவர் சொன்னபடியே செய்தார்கள்! உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. சொன்னவர் போஸ்டெல். அது போதும் என்று நினைத்தார்கள். மற்ற நான்கும் அமெரிக்க அரசாங்கத்தின் கையில் இருந்தவை. அவை மாறவில்லை.

பொதுமக்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலை வழக்கம் போல் ஓடியது. ஆனால் வாஷிங்டன் பரபரத்தது. தாடி வைத்த ஓர் ஆசாமி, ஒரு கடிதத்தில் இண்டர்நெட்டைப் பாதிக்கு மேல் தன் பக்கம் திருப்பிவிட்டாரே! வெள்ளை மாளிகையின் ஆலோசகர் ஐரா மேகசினர், உடனே பழையபடி மாற்றச் சொன்னார்.

போஸ்டெல் பணிந்தார். இது ஒரு பரீட்சைதான் என்று விளக்கம் சொன்னார். சில நாட்களில் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது.

அவர் செய்தது சரியா, தவறா? இன்றும் இரண்டு கட்சி உண்டு. பொதுச் சொத்து தனியார் கைக்குப் போகாமல் தடுக்க நினைத்தார் என்பார்கள் சிலர். யாரையும் கேட்காமல் ஒரு தனி மனிதர் இப்படிச் செய்யலாமா என்பார்கள் வேறு சிலர். ஒன்று மட்டும் இரு கட்சியாருக்கும் விளங்கியது. இவ்வளவு பெரிய பொறுப்பு ஒரே மனிதரின் தோளில் இருக்கக் கூடாது. அவருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

போஸ்டெலுக்கும் அது தெரியும். பல நாட்டாரும் பங்கு பெறும் ஒரு பொது நிறுவனத்தை ஏற்படுத்த அவரே பாடுபட்டார். 1998-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30-ந் தேதி அந்த நிறுவனம் பதிவாயிற்று. அதில் அவர் தொழில்நுட்பத் தலைவராக இருக்க ஏற்பாடாகியிருந்தது.

மறைவு

அந்தப் பதவியில் அமர அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இதய நோய்க்காக அவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பிறகு ஏற்பட்ட கோளாறினால், 1998-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி லாஸ் ஏஞ்சல்சில் காலமானார். புதிய நிறுவனம் பதிவாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அப்போது அவருக்கு வயது 55.

நண்பர் விண்ட் செர்ப் ஓர் இரங்கல் எழுதினார். எங்கே வெளியிடுவது? போஸ்டெல் ஆயுள் முழுவதும் பாதுகாத்து வந்த அந்தக் குறிப்பு வரிசையிலேயே அது வெளிவந்தது. அதன் எண் 2468. மற்றவர்களின் குறிப்புகளுக்கு எண் போட்டவருக்கு, கடைசியில் ஓர் எண் கிடைத்தது.

1999-ம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு விருது ஏற்படுத்தப்பட்டது. இண்டர்நெட்டுக்குச் சேவை செய்தவர்களுக்கு அது வழங்கப்படுகிறது. முதல் விருது அவருக்கே அளிக்கப்பட்டது.

போஸ்டெல் பெரிய யந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கம்பெனி நடத்தவில்லை. ஒரு நல்ல கிராமக் கணக்குப்பிள்ளை ஊர்க் கணக்கை வைத்திருப்பது போல உலகத்தின் கணக்கை வைத்திருந்தார். எல்லோருக்கும் புரியும்படி விதிகளை எழுதினார். அதில் ஒரு காசும் தமக்கென்று எடுக்கவில்லை. அதனால்தான், அதிகாரம் இல்லாதபோதும் அவர் சொன்னதை எட்டு பேர் கேட்டார்கள்.

இன்று ஒரு நாளில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களுக்குக் கணக்கு இல்லை. தாய் மகனுக்கு எழுதுவதும், கடைக்காரர் வியாபாரிக்கு எழுதுவதும், மாணவன் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புவதும் அவற்றில் உண்டு. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில், ஒரு கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, ஒப்படைத்துவிட்டு, விடைபெற்றுக்கொண்டு போகிறது. அந்த மரியாதையைக் கம்ப்யூட்டர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜான் போஸ்டெல்.